வயரா, வெளிச்சமா: வளையும் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

லேசர் கற்றையின் உருவத்தை நாம் சொல்கிறபடி மாற்ற வேண்டும் என்று முடிவாகிவிட்டால், அதை எதைக் கொண்டு மாற்றுவது என்ற கேள்வி உடனே வந்து நிற்கும். நடுவில் உச்சமும் ஓரத்தில் சரிவுமாக இருக்கும் கற்றையைத் தட்டையாக்க நினைக்கலாம். வழியில் கலங்கிப்போன அலைமுகப்பை, அதாவது ஒளியலைகள் ஒன்றாக முன்னேறும் பரப்பை, சீராக்க நினைக்கலாம். ஒரே கற்றையை நூறு புள்ளிகளாகப் பிரிக்கவும் நினைக்கலாம். இதற்கெல்லாம் நான்கைந்து வழிகள் இருக்கின்றன. அவற்றில் கேட்டவுடன் ஆசை வருவது, ஒளியாலேயே கட்டுப்படுத்தப்படும் வளையும் கண்ணாடி. பின்னாலிருந்து ஒரு படத்தை வீசினால், முன்னால் இருக்கும் கண்ணாடி அந்தப் படத்துக்கேற்ப நெளியும். ஆயிரம் வயர்கள் வேண்டாம், ஆயிரம் பெருக்கிகள் வேண்டாம். எனக்கும் அந்த ஆசை வந்தது. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபின் அது பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

முதலில் வழக்கமான வளையும் கண்ணாடி. மெல்லிய எதிரொளிக்கும் தகடு, அதன் பின்னால் வரிசையாக இயக்கிகள். மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ தண்டுகள் தள்ளலாம், மின்முனைகள் நிலைமின் விசையால் இழுக்கலாம், ஒலிபெருக்கியில் இருப்பது போன்ற சுருள்கள் காந்த விசையால் நகர்த்தலாம். எப்படியானாலும் ஓர் இயக்கிக்கு ஒரு வயர், ஒரு வயருக்கு ஒரு பெருக்கி. முப்பது நாற்பது இயக்கிகள் வரை இது ஒரு தொந்தரவே இல்லை. ஜெமினி தொலைநோக்கியில் வேற்றுச் சூரியன்களின் கோள்களைப் படமெடுக்க 2013-இல் பொருத்திய கருவியில் 64-க்கு 64, அதாவது 4096 இயக்கிகள் கொண்ட நுண்கண்ணாடி இருந்தது. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கி ஒன்றின் இரண்டாம் கண்ணாடியே 1170 இயக்கிகளோடு வளைகிறது. அதன் விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், தடிமன் 2 மில்லிமீட்டர். இந்த அளவுக்குப் போகும்போது கண்ணாடியைவிட அதற்குப் பின்னால் நிற்கும் மின்னணுப் பெட்டிகள்தான் பெரிய வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இந்தச் சுமைகூலியைத் தவிர்க்கும் எண்ணம் புதிதல்ல. 1953-இல் ஹொரேஸ் பாப்காக் என்ற வானியலாளர், வளிமண்டலத்தால் கலங்கும் விண்மீன் ஒளியைத் திருத்தும் யோசனையை முதன்முதலில் எழுதியபோது அவர் மனதில் இருந்தது வயர் வைத்த கண்ணாடி அல்ல. ஒரு கண்ணாடியின் மேல் எண்ணெய்ப் படலம், அதன்மேல் எலக்ட்ரான் கற்றையால் மின்னூட்டத்தை எழுதி எண்ணெயை நெளியவைப்பது. அந்தக் காலத்து ஐடோஃபோர் என்ற திரைப்பட வீச்சுக் கருவியிலிருந்து எடுத்த யோசனை அது. துறை பிறந்தபோதே 'எழுதினால் நெளிய வேண்டும்' என்றுதான் நினைத்திருக்கிறார்கள். வயர் அப்புறம் வந்தது.

ஒளியால் எழுதுவது எப்படி? ஒளிபடாதபோது மின்சாரத்தைத் தடுத்து, ஒளிபட்டால் கடத்தும் ஒரு வேஃபரை (மெல்லிய குறைகடத்தித் தகட்டை) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கம் ஒளி ஊடுருவும் மின்முனை. முன்பக்கம் சில மைக்ரான் காற்று இடைவெளி விட்டு, உலோகம் பூசிய மெல்லிய சவ்வு. சவ்வுக்கும் பின் மின்முனைக்கும் நடுவே மாறுமின்னழுத்தம் கொடுக்கிறோம். இருட்டான இடத்தில் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி வேஃபரிலேயே விழுந்துவிடும், காற்று இடைவெளிக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். வெளிச்சம் விழும் இடத்தில் வேஃபர் கடத்தியாகிவிடுவதால் முழு அழுத்தமும் இடைவெளிக்கு வரும், அங்கே சவ்வு உள்ளே இழுபடும். மொத்தம் இரண்டே வயர்கள். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடத்தில் காலியம் ஆர்சனைடு வேஃபர் மீது நுண்தூண்கள் நிறுத்தி இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஸ்டெஃபானோ போனோராவும் சக ஆய்வாளர்களும் 2012-இல் இதே வகைக் கண்ணாடியால் அலைமுகப்பைத் திருத்திக் காட்டினார்கள்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. இனி எண்களைப் போட்டுப் பார்ப்போம்.

அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள காலியம் ஆர்சனைடு வேஃபர், 10 மைக்ரான் காற்று இடைவெளி. அந்தப் பொருளின் மின்காப்பு மாறிலி சுமார் 13. ஆகவே இருட்டில் இந்த வேஃபர் 38 மைக்ரான் காற்றுக்குச் சமமான மின்தேக்கி. அப்படியானால் இருட்டிலேயே மொத்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சவ்வுக்குப் போய்விடும். இழுவிசை அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது, எனவே இருட்டில் 4 சதவீத விசை, வெளிச்சத்தில் 100 சதவீதம். நல்ல வேறுபாடுதான். ஆனால் வேஃபர் தடிமனாக இருந்தால் முன்பக்க மின்புலம் பக்கவாட்டில் பரவி, எழுதிய படம் மங்கும். அரை மில்லிமீட்டர் வேஃபரில் அதைவிட நுணுக்கமான கோடுகளை எதிர்பார்ப்பது வீண். சரி, வேஃபரை 50 மைக்ரானாகத் தேய்த்துவிடலாம் என்றால், இருட்டு விசை 4-இலிருந்து 50 சதவீதத்துக்குத் தாவுகிறது. நுணுக்கம் வேண்டுமென்றால் வேறுபாடு போகும், வேறுபாடு வேண்டுமென்றால் நுணுக்கம் போகும்.

எந்தப் பொருள் என்பதும் விளையாட்டல்ல. சிலிக்கன் எளிதாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் எவ்வளவு சுத்தமான சிலிக்கனும் இருட்டிலேயே ஓரளவு கடத்தும். அதன் மின்னூட்டம் ஒரு மைக்ரோ நொடிக்குள் கரைந்துவிடும். அது மின்காப்பி மாதிரி நடந்துகொள்ள வேண்டுமானால் மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓட்ட வேண்டும். அரைக்காப்பு காலியம் ஆர்சனைடில் இந்தக் கால அளவு 10 முதல் 100 மைக்ரோ நொடி, சில பத்து கிலோஹெர்ட்ஸ் போதும். பிஸ்மத் சிலிக்கன் ஆக்சைடு என்ற படிகத்தில் இருட்டுத் தடை இன்னும் பல மடங்கு பெரிது. நீல, பச்சை ஒளிக்கு அது விழித்துக்கொள்ளும், சிவப்பையும் அகச்சிவப்பையும் பெரும்பாலும் சும்மா விட்டுவிடும். உங்கள் லேசர் அகச்சிவப்பில் இருந்தால் இது பெரிய வரம்.

அடுத்த கணக்கு சவ்வைப் பற்றியது. 100 வோல்ட், 10 மைக்ரான் இடைவெளி என்றால் இழுக்கும் அழுத்தம் சுமார் 440 பாஸ்கல். இறுக்கி இழுத்துக் கட்டிய சவ்வு எவ்வளவு குழியும் என்பது அந்த அழுத்தத்தை மட்டும் சார்ந்ததல்ல, அழுத்தம் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருக்கிறது என்பதையும் சார்ந்தது. அகலத்தின் இருமடிக்கு ஏற்ப ஆழம். 10 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள மேடுபள்ளமாக எழுதினால் 3 மைக்ரான் நெளியும் சவ்வு, அதே விசைக்கு 1 மில்லிமீட்டர் மேடுபள்ளத்தில் 0.03 மைக்ரான்தான் நெளியும். எதிரொளிப்பதால் அலைமுகப்பில் அது இரட்டிப்பாகி 0.06 மைக்ரான்; 1064 நானோமீட்டர் ஒளிக்கு ஓர் அலையில் சுமார் பதினெட்டில் ஒரு பங்கு, அவ்வளவே.

பலர் சறுக்குவது இங்கேதான். புரொஜெக்டரில் பத்து லட்சம் பிக்சல், ஆகவே கண்ணாடியிலும் பத்து லட்சம் இயக்கிகள் என்று ஒரு குருட்டு நம்பிக்கை. பிக்சல்களின் எண்ணிக்கை எழுதுகோலின் கூர்மையைச் சொல்கிறது. எழுதப்படும் துணி எவ்வளவு மடியும் என்பதைச் சவ்வின் இழுவைதான் தீர்மானிக்கும். நுண்தூண்களை நிறுத்திச் சவ்வைச் சிறு சிறு அறைகளாகப் பிரித்தால் அறைக்கு அறை தனித்து நெளியும்தான். ஆனால் அறை சிறுக்கச் சிறுக்க இடைவெளியைக் குறைத்து விசையைக் கூட்ட வேண்டும். இடைவெளியைக் குறைத்தால் நெளியும் தூரமும் குறையும், ஏனென்றால் தட்டையான இரு மின்முனைகளில் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் சவ்வு கட்டுப்பாட்டை மீறி அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். 2 மைக்ரான் இடைவெளியில் பாதுகாப்பாக 0.6 மைக்ரான் போகலாம். 1064 நானோமீட்டருக்கு ஒரு முழுச் சுற்றுக் கட்டம், அதாவது ஒளியலையில் ஒரு முழு அலைநீள நகர்வு, கிடைக்க 0.53 மைக்ரான் நகர்வு வேண்டும். மயிரிழையில் தப்பிக்கிறோம்.

நிலைமின் விசை இழுக்கும், தள்ளாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் வேலை செய்ய வேண்டுமென்றால் சவ்வை எப்போதும் பாதி ஒளியில் பாதி குழித்து வைத்துக்கொண்டுதான் தொடங்க முடியும்.

கட்டுப்படுத்தும் ஒளியும் கட்டுப்படும் ஒளியும் கலந்துவிடக் கூடாது என்பது மூன்றாவது சங்கடம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. சவ்வின் பூச்சு 99.99 சதவீதம் எதிரொளிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் கற்றையில் மிச்சமிருப்பது 0.1 வாட். அதில் ஒரு பகுதி வேஃபரைத் தொட்டாலும், நாம் பின்னாலிருந்து வீசும் கட்டுப்பாட்டு ஒளியோடு அது போட்டி போடும். கற்றையே தனக்குத்தானே படம் எழுதத் தொடங்கிவிடும். காலியம் ஆர்சனைடு 870 நானோமீட்டருக்கு மேல் உறிஞ்சாது என்ற தைரியமும் முழுசாகச் செல்லாது. அதை மின்காப்பியாக்கும் படிகக் குறைகளே 1064 நானோமீட்டரைக் கொஞ்சம் உறிஞ்சும். குறைந்த திறனில் கவலைப்பட வேண்டாம். கிலோவாட்டில் கவலைப்படுங்கள்.

இவ்வளவு சொன்னபின் போட்டியாளர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது.

திரவப் படிக ஒளிமாற்றி, அதாவது எல்காஸ் வகை, இன்று கற்றையை வடிவமைக்க நினைக்கும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது. 1920-க்கு 1080 பிக்சல், ஒவ்வொன்றும் 8 மைக்ரான் அளவு. இதன் உண்மையான பலம் பிக்சல் எண்ணிக்கை மட்டுமல்ல, கட்டத்தை மடித்து எழுத முடியும் என்பதே. ஒரு முழு அலை ஏறியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டு மறுபடி ஏறலாம், ஆகவே ஒரே ஒரு அலையின் வீச்சைக் கொண்டு எத்தனை செங்குத்தான சரிவையும் வரையலாம். தொடர்ச்சியான சவ்வால் இது முடியாது. துணியில் செங்குத்தான படிக்கட்டு நிற்காது. பல புள்ளிகளாகப் பிரிக்க வேண்டும், சுழல் கற்றை வேண்டும், ஹோலோகிராம் வேண்டும் என்றால் விவாதமே வேண்டாம், திரவப் படிகம்தான். சரிவுக்கு எட்டு படிகள் ஒதுக்க முடிந்தால் கொள்கையளவில் 95 சதவீத ஒளி விரும்பிய திசைக்குப் போகும், நான்கு படிகளென்றால் 81.

அதன் விலைகளும் உண்டு. ஒளி ஒரே திசையில் முனைவாக்கம் பெற்றிருக்க வேண்டும், அதாவது அதன் அதிர்வு ஒரே திசையில் இருக்க வேண்டும். மில்லிநொடிக் கணக்கில்தான் மாறும். வெப்பம் ஏறினால் படிக ஒழுங்கு குலையும். கட்டத்தை மடிப்பதால் அது ஒரு நிறத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும். 800 நானோமீட்டரில் 10 ஃபெம்டோநொடி நீளமுள்ள மிகக் குறுகிய லேசர்த் துடிப்பின் நிற அகலம் 90 நானோமீட்டருக்கு மேல். 800-க்கு ஒரு முழு அலையாக வைத்த மடிப்பு, 750-இல் ஏறக்குறைய 7 சதவீதம் தவறிப்போகும். கண்ணாடிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, எல்லா நிறத்துக்கும் ஒரே பாதை நீளம்தான். மீச்சிறு துடிப்பு லேசர்காரர்கள் கண்ணாடியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதன் காரணம் இது.

நுண்கண்ணாடிச் சிப், டி.எம்.டி., வேறு ஜாதி. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கியது. முதல் எழுத்து இன்று 'டிஜிட்டல்' என்பதைக் குறிக்கிறது. தொடக்கத்தில் அது 'டிஃபார்மபிள்', வளையும் சவ்வோடுதான் அவரும் ஆரம்பித்தார். வளைவதைக் கைவிட்டு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 12 டிகிரி சாய்வது என்று மாறியதும்தான் பிழைத்தது. நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் படம் மாற்றும். ஆனால் ஹோலோகிராமாகப் பயன்படுத்தினால் கொள்கையளவிலேயே ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். ஒளி மிஞ்சிக் கிடந்து நேரம் போதாத இடத்தில் எடுங்கள். அல்லது கட்டத்தைத் தொடாமல் பிரகாசத்தை மட்டும் செதுக்க எடுங்கள்.

வெப்பத்தால் எழுதுவதையும் ஒளிக் கட்டுப்பாடு என்றே சொல்லலாம். ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோவில் கரியமில வாயு லேசரால் ஒரு கண்ணாடித் தகட்டைச் சூடாக்கி, முதன்மைக் கற்றை உண்டாக்கும் லென்ஸ் போன்ற வீக்கத்தை ஈடுகட்டுகிறார்கள். மெதுவானது, ஆனால் உறுதியானது. வேகம் தேவையில்லாதவர்கள் மறக்கக் கூடாத வழி.

எனக்கு மிகவும் பிடித்தது ஒளி வால்வு. ஒளியால் எழுதும் அதே உத்தி. சவ்வுக்குப் பதில் திரவப் படிகம். ஒளிபட்டால் மின்சாரம் கடத்தும் ஒளிகடத்திப் படிகம், அதை ஒட்டித் திரவப் படிக அடுக்கு, பின்னாலிருந்து நீல ஒளியில் படம். அமெரிக்காவின் அணுக்கரு இணைவு ஆய்வு நிலையமான நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 192 லேசர் கற்றைகள் இருக்கின்றன. கடைசி லென்ஸ்களில் எங்காவது சிறு காயம் ஏற்பட்டால், அந்த இடத்தில் மட்டும் கற்றைக்கு நிழல் போட இத்தகைய ஒளி வால்வைப் பயன்படுத்துகிறார்கள். கவனிக்க வேண்டியது, அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது. கற்றையின் திறனைக் கூட்டும் லேசர் பெருக்கிகளுக்கு முன்னால், கற்றை இன்னும் நோஞ்சானாக இருக்கும் இடத்தில். அங்கே வடிவம் கொடுத்துவிட்டால் பெருக்கி அந்த வடிவத்தோடேயே வளர்த்துத் தரும். அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த உத்தியை உலோகத் தூளை உருக்கிப் பொருள் அச்சிடவும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு புள்ளியாக ஓடிக்கொண்டிருக்காமல், ஒரு பரப்பை ஒரே வீச்சில் உருக்குவது. இவை வெற்றி பெற்றதற்குக் காரணம் ஒளியால் எழுதும் யோசனை மட்டுமல்ல. திரவப் படிகத்துக்குச் சவ்வைப் போல இழுவை கிடையாது, எழுதிய நுணுக்கம் ஓரளவு அப்படியே நிற்கும். என் ஆசையில் பாதி இங்கே இடம் மாறிவிட்டது என்றே சொல்லலாம்.

சரி, யார் எதை எடுப்பது?

உங்களுக்குத் திருத்த வேண்டியது குவியப் பிழை, கோமா, அஸ்டிக்மாடிசம் என்று வழவழப்பான பத்து இருபது வகை நெளிவுகள் மட்டுமென்றால், வயர் வைத்த கண்ணாடியை வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். நாற்பது இயக்கிகளுக்குள் அடங்கிவிடும். வெளிச்சத்தால் எழுதுவது இங்கே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. பீசோ எடுத்தால் தயக்கம் இருக்கும், ஒரே வோல்ட்டுக்கு ஏறும்போது ஓரிடம், இறங்கும்போது வேறிடம். அளந்து திருத்தும் சுற்று இருந்தால் அது பொருட்டல்ல. சுற்று இல்லாமல் எண்ணைக் கொடுத்துவிட்டு நம்ப வேண்டுமென்றால் நிலைமின் நுண்கண்ணாடி மேல்.

கிலோவாட் கற்றை, உலோகம் வெட்டுவது, பற்றவைப்பது என்றால் மின்காப்புப் பூச்சுள்ள தடித்த வளையும் கண்ணாடி. நேரடியாக அந்தக் கற்றையின் பாதையில் ஒளிகடத்தி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெருக்கிக்கு முன்னால் கைவைக்க வழி இருந்தால் அதுவே முதல் தேர்வு.

மிகக் குறுகிய துடிப்பு, நிறைய நிறம், கொஞ்சம் நுணுக்கமான வழவழப்பு, திறன் சில வாட் என்றால், ஒளியால் எழுதும் சவ்வு இங்கேதான் நிஜமாகவே பந்தயத்தில் இருக்கிறது. சில நூறு இயக்கிகளுக்கு நிகரான வடிவங்கள் வேண்டும், ஆயிரம் பெருக்கிக்குக் காசும் இடமும் இல்லை, கட்டத்தை மடிக்கவும் முடியாது. இயக்கிகள் எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாத ஆய்வுக்கும் இது பொருந்தும். இன்று அறுகோண அடுக்கு, நாளை வளைய அடுக்கு என்று படத்தை மாற்றினால் போதும், கண்ணாடியைப் பிரிக்க வேண்டாம். வயர் வைத்த எதுவும் இந்தச் சுதந்திரத்தைத் தராது. ஆனால் இது பெரும்பாலும் நீங்களே கட்டிக்கொள்ள வேண்டிய கருவி. வேஃபர் எங்கும் ஒரே சீராக உணராது, வெப்பம் மாறினால் இருட்டுத் தடை மாறும், ஒளிக்கும் நெளிவுக்குமான உறவு நேர்கோடல்ல. அலைமுகப்பை அளக்கும் கருவியும் திருத்தும் சுற்றும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். அந்தச் செலவையும் 'இரண்டே வயர்' கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறங்குவது என்று தீர்மானித்துவிட்டால் சவ்வை வாங்கும் முன் புரொஜெக்டரைச் சோதியுங்கள். டி.எம்.டி. வைத்த புரொஜெக்டர் பாதி வெளிச்சத்தைப் பாதி வெளிச்சமாகத் தராது. முழு வெளிச்சத்தையும் முழு இருட்டையும் மாறி மாறிக் கொடுத்து நம் கண்ணை ஏமாற்றும். காலியம் ஆர்சனைடு கண் அல்ல, மைக்ரோ நொடிகளில் உணர்ந்துகொள்ளும். அந்தத் துடிப்புகளில் நீளமானவற்றைச் சவ்வும் பின்தொடர்ந்தால் கற்றை நடுங்கும். ஓர் ஒளியுணர் டயோடும் அலைக்காட்டியும் (ஆசிலோஸ்கோப்) போதும்: சாம்பல் நிறப் படம் ஒன்றை வீசி, அலைக்காட்டியில் கோடு தட்டையாக வருகிறதா, சீப்புப் பல்லாக வருகிறதா என்று பாருங்கள். சீப்புப் பல்லாக வந்தால், நேர்மின்னோட்டத்தில் சீராக எரியும் எல்.இ.டி.க்கு முன்னால் ஒரு திரவப் படிகத் திரையை வைத்து மறுபடி அளந்துவிட்டு, வேஃபருக்கு ஆர்டர் கொடுங்கள்.